மார்பில் தைராய்டு புற்றைப் போலத் தெரியும் கட்டி: எந்த ரிப்போர்ட்டை நம்புவது?

மன்னார்குடியிலிருந்து வந்த கேள்வியின் சுருக்கம் இது. சித்திக்கு வயது 58, இடது மார்பில் 2 செ.மீ. கட்டி. ஊசி டெஸ்டில் 'பாப்பில்லரி வகைக் கட்டி (விரல் விரலாக நீட்டிய அமைப்பு கொண்டது), புற்றாக இருக்கலாம்' என்று வந்தது. கும்பகோணத்தில் கோர் பயாப்ஸி, அதாவது தடித்த ஊசியால் சதைத் துண்டு எடுத்தார்கள். 'தைராய்டு புற்று பரவியதா என்று பார்க்கவும்' என்று எழுதி வந்தது. கழுத்து ஸ்கேனில் தைராய்டில் 6 மி.மீ. முடிச்சு ஒன்று இருக்கிறது, வேறொன்றும் இல்லை. அதே சதையை இன்னொரு லேபுக்கு அனுப்பினால் 'டிரிப்பிள் நெகட்டிவ் மார்பகப் புற்று' என்கிறார்கள். ஒரு டாக்டர் தைராய்டை எடுக்கச் சொல்கிறார், இன்னொருவர் உடனே கீமோ என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

இரண்டுக்குமே இப்போது தேதி வாங்க வேண்டாம். இரண்டு ரிப்போர்ட்டும் ஒரே சதையைப் பார்த்து எழுதியவை, இரண்டிலும் பாதி உண்மை இருக்க இடமிருக்கிறது. மார்பிலேயே பிறந்து, தைராய்டு புற்றின் முகத்தோடு, ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2 என்ற மூன்று ரிசெப்டாரும் இல்லாமல், அதாவது டிரிப்பிள் நெகட்டிவாக வரும் அரிய கட்டி ஒன்று உண்டு. நீங்கள் சொன்ன விவரங்கள் அதற்குப் பொருந்துகின்றன. ஆனால் ரிப்போர்ட்டின் வாசகத்தை மட்டும் படித்து அதை யாரும் உறுதி செய்ய முடியாது. சதையை மெழுகில் புதைத்த பிளாக்கையும், அதிலிருந்து சீவிய ஸ்லைடையும் மார்பகக் கட்டிகளில் கைதேர்ந்த பெத்தாலஜிஸ்ட் (சதையை மைக்ராஸ்கோப்பில் பார்த்து நோயைச் சொல்லும் மருத்துவர்) ஒருவர் மறுபடி பார்க்க வேண்டும். அதற்கு இரண்டு மூன்று வாரம் ஆகலாம், 2 செ.மீ. கட்டி மெதுவாக வளர்ந்துகொண்டிருக்கும் வரை அந்த அவகாசத்தால் கெடுதல் இல்லை. கட்டி வாரத்துக்கு வாரம் பெருத்தாலோ, மார்புத் தோல் சிவந்து தடித்துத் துளைதுளையாகத் தெரிந்தாலோ இந்தக் கணக்கு செல்லாது. அன்றே பெரிய மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

இந்தக் கட்டியை 2003இல் எவுசெபி குழுவினர் 5 நோயாளிகளை வைத்து முதலில் விவரித்தார்கள். தைராய்டில் வரும் 'உயர்செல்' (செல்கள் நெட்டையாக இருக்கும்) பாப்பில்லரி புற்றை ஒத்த மார்பகக் கட்டி என்றே அப்போது பெயர் வைத்தார்கள். 2016இல் இதன் செல்களில் ஐ.டி.எச்.-2 என்ற மரபணுவின் 172ஆம் இடத்தில் மாற்றம் இருப்பது தெரிந்தது. 2019இல் உலக சுகாதார நிறுவனத்தின் மார்பகக் கட்டி வகைப்பாடு, ஐந்தாம் பதிப்பில், இதற்குத் தனி இடம் கொடுத்தது. பெயரும் 'தலைகீழ் துருவ உயர்செல் கார்சினோமா' என்ற பொருளில் மாறியது. ஆகவே சில ஆண்டுகளுக்கு முன் படித்து முடித்த ஒருவர் இதைக் கேள்விப்படாமல் இருந்தால் அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

மைக்ராஸ்கோப்பில் என்ன தெரியும்? வழக்கமாகத் தூண் வடிவ செல்லில் நியூக்ளியஸ் அடிப்பக்கம், அதாவது செல் உட்கார்ந்திருக்கும் சவ்வை ஒட்டி இருக்கும். இங்கே அது எதிர் முனைக்குப் போய்விடுகிறது. நாற்றைத் தலைகீழாக நட்ட வயல் மாதிரி வரிசை வரிசையாகத் தெரியும். நியூக்ளியஸில் நீளவாக்கில் ஒரு கோடும், சிலவற்றில் உள்ளே வெளுத்த வட்டமும் இருக்கும். அந்தக் கோடும் வட்டமும்தான் தைராய்டு பாப்பில்லரி புற்றின் அடையாளங்கள் என்று எல்லாரும் படித்தது. ஊசி டெஸ்டில் செல்கள் பிய்ந்து சிதறி வருவதால் வரிசை கலைந்துவிடும், கோடும் வட்டமும் மட்டும் மிஞ்சும். அதைப் பார்த்தவர் தைராய்டை நினைத்ததில் வியப்பில்லை. இரண்டாவது லேபோ முகத்தை விட்டுவிட்டு மூன்று ரிசெப்டாரை மட்டும் எண்ணியிருக்கிறது. டிரிப்பிள் நெகட்டிவ் என்பது மூன்று சோதனைகளின் விடை மட்டும். அந்த விடைக்குள் மிக மூர்க்கமான கட்டிகளும் இருக்கின்றன, அறுத்து எடுத்தாலே பெரும்பாலும் அடங்கிவிடும் கட்டிகளும் இருக்கின்றன. உங்கள் சித்திக்கு இப்போது தெரிய வேண்டியது இவற்றில் எது என்பதுதான்.

அதைப் பிரிக்கும் மார்க்கர்கள், அதாவது குறிப்பிட்ட புரதம் செல்லில் இருந்தால் சாயம் ஏறும் சோதனைகள், அபூர்வமானவை அல்ல. தைராய்டிலிருந்து வந்ததென்றால் தைரோகுளோபுலின், டி.டி.எஃப்.-1, பாக்ஸ்-8 மூன்றும் சேர்ந்து ஏறும். மார்பில் பிறந்த உயர்செல் கட்டியில் மூன்றும் ஏறாது. அதற்குப் பதில் சி.கே.-7, சி.கே.-5/6, கால்ரெட்டினின் மூன்றும் ஏறும், காட்டா-3 பெரும்பாலும் ஏறும், செல் பெருகும் வேகத்தைக் காட்டும் கி-67 குறைவாக இருக்கும். டி.டி.எஃப்.-1 ஒன்றை மட்டும் போட்டுவிட்டு முடிவு சொன்னால் ஏற்காதீர்கள். சாதாரண மார்பகப் புற்றிலேயே சிலவற்றில் அது லேசாக ஏறும், எஸ்.பி.டி.-24 என்ற குளோனில் (சோதனைக்குப் பயன்படும் ஆன்டிபாடியின் ரகம்) இந்தத் தொல்லை அதிகம், 8ஜி7ஜி3/1 என்ற குளோனில் குறைவு. எந்தக் குளோன் என்று லேபைக் கேட்பது தவறில்லை, நல்ல லேப் ரிப்போர்ட்டிலேயே எழுதியிருக்கும். தைராய்டு புற்று முதிர்ச்சி இழந்தால் தைரோகுளோபுலினைத் தொலைத்துவிடலாம் என்று ஒரு வாதம் வரும். உண்மைதான். ஆனால் அப்படி முதிர்ச்சி இழந்த புற்று இவ்வளவு ஒழுங்கான பாப்பில்லரி அமைப்போடு, குறைந்த கி-67ஓடு நிற்காது.

சி.கே.-5/6இல் இன்னொரு பொறி உண்டு, இதில் விழுபவர்கள் பலர். மார்பகத்தில் சாதாரண பாப்பிலோமாவுக்குள் (பால்குழாயில் வரும் புற்றில்லாத கட்டி) செல் பெருகியிருந்தால் இந்த மார்க்கர் அங்கங்கே ஏறும்; அதைக் கண்டால் 'புற்றில்லை' என்று எழுதுவது பழக்கம். உயர்செல் கட்டியிலும் அது ஏறுவதால், 'பாப்பிலோமா, கவலையில்லை' என்று மூன்றாவதாகத் தவறான ரிப்போர்ட் ஒன்று வர வாய்ப்பிருக்கிறது. பாப்பிலோமாவில் பி-63 போட்டால் தண்டுகளை ஒட்டி மயோஎபிதீலியல் செல்கள் (பால்குழாயின் வெளிவரிசைச் செல்கள்) வரிசையாகத் தெரியும், ஈ.ஆர். அங்கங்கே ஏறும். உயர்செல் கட்டியின் கூடுகளைச் சுற்றி அந்த வரிசை இருக்காது, ஈ.ஆர். இருக்காது அல்லது மிகக் குறைவாக இருக்கும். சாலிட் பாப்பில்லரி கார்சினோமா என்ற வேறொரு கட்டியும் இதே வயதில் வருவது, அதில் ஈ.ஆர். பலமாக, ஏறக்குறைய எல்லாச் செல்லிலும் ஏறும், சி.கே.-5/6 ஏறாது. இந்த இரண்டு மூன்று மார்க்கர்களை ஒன்றாக வைத்துப் படித்தால்தான் விடை வரும், தனித்தனியாகப் படித்தால் ஒவ்வொன்றும் ஒரு பக்கம் இழுக்கும்.

சந்தேகம் மிஞ்சினால் ஐ.டி.எச்.-2 மரபணு சோதனை இருக்கிறது. தைராய்டின் உயர்செல் புற்றில் பெரும்பாலும் பி.ராஃப் வி-600-ஈ என்ற மரபணு மாற்றம் இருக்கும், மார்புக் கட்டியில் அது இருக்காது; இரண்டையும் சேர்த்துக் கேட்டால் பதில் தெளிவாக வரும்.

இனி அந்த 6 மி.மீ. முடிச்சு. நடுவயது தாண்டிய பெண்களின் கழுத்தை ஸ்கேன் செய்தால் பலருக்கும் சிறு முடிச்சு இருக்கும். தைராய்டு புற்று மார்புக்குப் பரவுவதே மிக அரிது. அப்படிப் பரவும்போது கழுத்து நெறியிலோ நுரையீரலிலோ தடயம் இல்லாமல் இருப்பது அதைவிட அரிது. ஸ்கேன் படத்தை, தைராய்டு முடிச்சுகளைத் தரம் பிரிக்கும் டிராட்ஸ் கணக்கில் பார்த்தால், மிகச் சந்தேகமான தோற்றம் உள்ள முடிச்சுக்குக்கூட 1 செ.மீ. ஆன பிறகுதான் பொதுவாக ஊசி போடச் சொல்கிறது. மார்புக் கட்டியின் பெயர் தெரியும் முன் அந்த முடிச்சுக்காகக் கழுத்தைத் திறப்பது தலைகீழ் வரிசை. ரத்தத்தில் தைரோகுளோபுலின் பார்க்கச் சொன்னால் அந்தப் பணத்தையும் மிச்சம் பிடியுங்கள். தைராய்டு உடலில் இருக்கும் வரை சாதாரண வீக்கத்திலும் அது ஏறும். சி.ஏ. 15-3, சி.ஏ.-125 போன்ற ரத்தச் சோதனைகளும் கட்டியின் பெயரைச் சொல்லாது.

மார்க்கர் எல்லாம் சரியாக வேலை செய்ய வேண்டுமென்றால் சதை நல்ல நிலையில் இருக்க வேண்டும். நம் பக்கத்தில் பாதிக் குழப்பம் இங்கேதான் பிறக்கிறது, லேபில் அல்ல. சிறிய ஊர் நர்ஸிங் ஹோமில் கட்டியை எடுத்து, கிடைத்த ஊறுகாய் பாட்டிலிலோ மருந்து டப்பாவிலோ திணித்து, மேலே நனையும் அளவு பார்மலின் (சதை அழுகாமல் காக்கும் திரவம்) ஊற்றி, மாலை பஸ்ஸில் பார்சல் போடுகிறார்கள். வெளிப்புறம் வெந்தது மாதிரி கெட்டியாகி, உள்ளே அழுகிப்போய்ச் சேருகிறது. அந்த உள்பகுதியில் ஈ.ஆர். பார்த்தால் இருப்பதும் இல்லை என்று வரும். பொய்யான டிரிப்பிள் நெகட்டிவ் பிறக்கும் வழிகளில் இது முதன்மையானது.

சரியான முறை கடினமில்லை. கடையில் வாங்கும் 37 முதல் 40 சதவீத பார்மால்டிஹைடு 100 மி.லி., காய்ச்சி வடித்த நீர் 900 மி.லி., சோடியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் மோனோஹைட்ரேட் 4 கிராம், நீரற்ற டைசோடியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் 6.5 கிராம். இதுதான் 10 சதவீத நடுநிலை பார்மலின். அந்த இரண்டு உப்பும் சேர்க்காமல் குழாய்த் தண்ணீரில் கலந்தால் நாளடைவில் புளித்து, ஸ்லைடில் பழுப்புக் கறை விழும், மரபணுவும் சிதையும். சதையின் அளவைப் போல் 10 மடங்கு திரவம் வேண்டும். உடலிலிருந்து எடுத்த 1 மணி நேரத்துக்குள் திரவத்தில் இறங்க வேண்டும். குறைந்தது 6 மணி நேரம், அதிகம் போனால் 72 மணி நேரம் அதில் இருக்கலாம். சனிக்கிழமை மாலை எடுத்து, தீபாவளி விடுமுறை கழித்து லேப் திறக்கும் வரை கிடந்த சதை, அளவுக்கு மீறி ஊறிக் கெடும். முழுக் கட்டியாக இருந்தால் ஓரங்களுக்கு மை பூசிவிட்டு 5 முதல் 10 மி.மீ. இடைவெளியில் வெட்டிவிட வேண்டும், அப்போதுதான் திரவம் உள்ளே இறங்கும். பார்மலின் ஒரு நாளில் சில மில்லிமீட்டர்தான் ஊடுருவும். வாய் அகலமான டப்பா வேண்டும். குறுகிய வாயில் திணித்த கட்டி வெளியே வரும்போது உருவம் மாறி, எது மேல் ஓரம் எது கீழ் ஓரம் என்று தெரியாது. டப்பாவின் மேல் பெயர், எந்தப் பக்கம், எடுத்த நேரம், பார்மலினில் போட்ட நேரம் எழுத வேண்டும். எழுதும் இடம் டப்பாவின் உடலில் இருக்கட்டும், மூடியில் எழுதினால் மூடி மாறிப்போகும்.

கோர் பயாப்ஸி 14 கேஜ் ஊசியில், அல்ட்ராசவுண்டு பார்த்தபடி, குறைந்தது 4 துண்டாவது எடுக்க வேண்டும். பார்மலினில் போட்டதும் மூழ்கினால் கட்டியின் சதை, மிதந்தால் பெரும்பாலும் கொழுப்பு. மிதந்தால் அப்போதே இன்னும் ஒன்றிரண்டு எடுத்துவிடலாம், மறுநாள் கூப்பிட வேண்டாம். கைக்குத் தட்டுப்படுகிறதே என்று ஸ்கேன் பார்க்காமல் குத்தினால், திரவப் பையும் திடப் பகுதியும் கலந்த பாப்பில்லரி கட்டிகளில் ஊசி திரவத்தில் போய்விடும், ரத்தம் மட்டும் வரும். மேமோகிராம் பயாப்ஸிக்கு முன் எடுத்தால்தான் படம் சுத்தமாக இருக்கும். குத்திய பிறகு ரத்தம் கட்டி எல்லையை மறைக்கும். நீங்கள் அனுப்பிய விவரத்தில் மேமோகிராம் பற்றிப் பேச்சே இல்லை. எடுக்கவில்லை என்றால் இப்போதாவது இரண்டு மார்புக்கும் எடுத்துவிடுங்கள்.

அடுத்து பிளாக். மெழுகில் புதைத்த அந்தச் சதுரம்தான் உங்கள் சொத்து, ரிப்போர்ட் தாள் அல்ல. ஒவ்வொரு மார்க்கருக்கும் 3 அல்லது 4 மைக்ரான் பருமனில் ஒரு சீவல் போகும். பிளாக்கை மெஷினில் ஏற்றும் ஒவ்வொரு தடவையும் முகத்தைச் சமப்படுத்த வீணாக நிறையச் சீவ வேண்டியிருக்கும். ஒவ்வொரு மார்க்கராக, வாரத்துக்கு ஒன்றாகக் கேட்டால் கோர் துண்டு தீர்ந்தேவிடும். இரண்டு லேப் சுற்றி வந்த பிளாக்கில் பாதிகூட மிஞ்சியிருக்காது. அதனால் ஒரே தடவையில், சாயம் போடாத, பசை தடவிய ஸ்லைடில் 12 முதல் 15 சீவல் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். புதிதாகப் பயாப்ஸி எடுப்பதாக இருந்தால் துண்டுகளை இரண்டு பிளாக்காகப் பிரித்து வைக்கச் சொல்வது இன்னும் நல்லது. ஒன்றில் மார்க்கர்கள், மற்றது மரபணு சோதனைக்கு. பிளாக்கைக் கையில் எடுத்துப் போகும்போது சித்திரை, வைகாசி வெயிலில் நிறுத்திய காரிலோ வண்டிப் பெட்டியிலோ வைக்க வேண்டாம், மெழுகு இளகும். ஸ்லைடு உடையாத பிளாஸ்டிக் பெட்டி லேபிலேயே கிடைக்கும். கொடுக்கும்போதும் திருப்பி வாங்கும்போதும் பிளாக் எண்ணை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். ஸ்லைடு மட்டும் போதுமே என்று ஒரு லேப் சொன்னால், புதிய மார்க்கர் போட, சாயம் போட்ட பழைய ஸ்லைடு உதவாது என்று சொல்லிப் பிளாக்கையும் கேளுங்கள்.

வேறு வேடங்களும் இருக்கின்றன. சித்தியின் பிளாக்கை மறுபடி பார்ப்பவர் மனதில் அவையும் ஓடிக்கொண்டிருக்கும் என்பதால் முக்கியமானவற்றைச் சொல்கிறேன்.

அடினாய்டு சிஸ்டிக் கார்சினோமா எச்சில் சுரப்பியில் வரும் புற்றின் அதே உருவத்தில் மார்பில் வரும். இதுவும் டிரிப்பிள் நெகட்டிவ், இதுவும் பெரும்பாலும் அறுவையோடு அடங்குவது, அக்குள் நெறிக்கு அரிதாகத்தான் போகும். துளைதுளையான அமைப்பால் இதைக் கிரிப்ரிஃபார்ம் புற்று (சல்லடை போன்ற அமைப்புள்ள மார்பகப் புற்று) என்று எழுதிவிடுவார்கள், கிரிப்ரிஃபார்மில் ஈ.ஆர். பலமாக இருக்கும், இதில் இருக்காது, சி.டி.-117 ஏறும், மிப் என்ற மரபணு இடம் மாறியிருக்கும். துளைதுளையாக இருந்தும் ஈ.ஆர். நெகட்டிவ் என்று ஒரு ரிப்போர்ட் வந்தால் அந்த முரண்பாடே மறுபரிசீலனைக்குப் போதிய காரணம்.

சீக்ரிட்டரி கார்சினோமா இன்னும் அரிது, சிறுமிகளுக்கும் வரும். ஈ.டி.வி.-6, என்.டி.ஆர்.கே.-3 என்ற இரண்டு மரபணுக்கள் ஒட்டிக்கொள்வதால் வருவது. எஸ்-100 ஏறும், பான்-டிர்க் நியூக்ளியஸில் ஏறும். பரவிவிட்டாலும் இந்த ஒட்டுக்கென்றே லாரோட்ரெக்டினிப் போன்ற மாத்திரைகள் இருப்பதால் பெயரைக் கண்டுபிடிப்பதில் நேரடி லாபம் உண்டு.

கதிர் வடிவ செல்கள் நிறைந்த கட்டியில் நிலைமை நேர்மாறு. அது ஃபைப்ரோமட்டோசிஸா, ஃபில்லாய்ட்ஸா, சார்கோமாவா, மெட்டாபிளாஸ்டிக் கார்சினோமாவா என்று ஒரு சிறு கோர் துண்டை வைத்துச் சொல்வது பெரிய சவால். 'சார்கோமா' என்று எழுதும் முன் ஒரு கெரட்டின் மட்டும் போட்டு நெகட்டிவ் என்று நிறுத்தக் கூடாது. மெட்டாபிளாஸ்டிக் கட்டிகளில் கெரட்டின் ஒட்டுத்துணி போல் அங்கங்கேதான் ஏறும், ஏ.இ.1/ஏ.இ.3, சி.கே.-5/6, சி.கே.-14, 34-பீட்டா-இ-12, பி-63 என நாலைந்து போட்டு, பல பிளாக்குகளில் தேட வேண்டும். காட்டா-3 இதில் அடிக்கடி தொலைந்துபோகும், டி.ஆர்.பி.எஸ்.-1 பெரும்பாலும் நிற்கும். சி.டி.-34 ஏறினால் ஃபில்லாய்ட்ஸ் பக்கம் சாயலாம், நியூக்ளியஸில் பீட்டா-கேட்டனின் ஏறினால் ஃபைப்ரோமட்டோசிஸை யோசிக்கலாம், ஆனால் இரண்டும் மற்றவற்றிலும் எட்டிப் பார்க்கும். ஃபில்லாய்ட்ஸ் என்றால் அகலமாக வெட்டினால் போதும், அக்குளைத் தொட வேண்டியதில்லை. மெட்டாபிளாஸ்டிக் என்றால் கீமோவுக்கு அவ்வளவாக மசியாது, அறுவையைத் தள்ளிப்போடக் கூடாது. பெயர் தவறினால் இரண்டு பேருமே தவறான மேசையில் படுப்பார்கள்.

லிம்போமாவைத் தவறவிட்டால் தேவையில்லாமல் மார்பையே எடுத்துவிடுவார்கள். வட்டமான செல்கள் ஒட்டாமல் சிதறிக் கிடந்தால் லோபுலார் புற்றென்று தோன்றும். கெரட்டினும் சி.டி.-45உம் ஒன்றாகப் போட்டாலே பிரிந்துவிடும், அதனால் இதில் தவறுவதற்கு மன்னிப்பே இல்லை என்பது என் கருத்து. லிம்போமாவின் வைத்தியம் மருந்துதான். மெலனோமாவில் பொறி வேறு: சாக்ஸ்-10, எஸ்-100 இரண்டும் ஏறினால் மெலனோமா என்று எழுதும் பழக்கம் இருக்கிறது, டிரிப்பிள் நெகட்டிவ் மார்பகப் புற்றிலும் சாக்ஸ்-10 அடிக்கடி ஏறும். கெரட்டின், ஹெச்.எம்.பி.-45, மெலான்-ஏ சேர்த்துப் பார்க்காமல் அந்த முடிவு செல்லாது. கதிர்வீச்சு, நம் ஊரில் கரண்ட் வைப்பது என்போமே, அது முடிந்து சில ஆண்டுகளில் அதே இடத்துத் தோலில் கருஞ்சிவப்புத் திட்டு வந்தால் ஆஞ்சியோசார்கோமாவை நினைக்க வேண்டும்; அடிபட்ட ரத்தக்கட்டு என்று களிம்பு தடவி நாள் கடத்துவதுதான் இதில் வழக்கமான தவறு.

வேறு உறுப்பிலிருந்து மார்புக்கு வந்ததா என்ற கேள்விக்கு மைக்ராஸ்கோப்பில் ஒரு பழைய, நம்பகமான துப்பு உண்டு: கட்டியை ஒட்டிய பால்குழாய்களுக்குள் டி.சி.ஐ.எஸ். (குழாயைத் தாண்டாத ஆரம்பப் புற்று) இருந்தால் அது மார்பில் பிறந்தது. இல்லாவிட்டால் எந்தப் பக்கமும் தீர்ப்பு இல்லை. உயர்செல் கட்டியிலும் பெரும்பாலும் இருக்காது. படத்தில் பல கட்டிகள், வட்டமாக, ஓரம் சுத்தமாக, தோலுக்கு அருகில் இருந்தால் பரவி வந்ததற்குச் சாய்வு அதிகம்.

இங்கே பழைய சரித்திரம் பெரிய உதவி. நம் பக்கத்துப் பெண்களில் பலர் 'கர்ப்பப்பை எடுத்தாச்சு' என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். ஏன் எடுத்தார்கள், சினைப்பையும் எடுத்தார்களா, அப்போது பயாப்ஸி ரிப்போர்ட் என்ன சொன்னது என்று கேட்டு, பழைய ஃபைலைத் தேடி எடுங்கள். சினைப்பையின் சீரஸ் புற்று மார்புக்கு வந்தால் டிரிப்பிள் நெகட்டிவ் பாப்பில்லரி புற்றாகவே தெரியும், சில சமயம் மேமோகிராமில் சுண்ணாம்புப் புள்ளிகூட இருக்கும். பாக்ஸ்-8, டபிள்யூ.டி.-1 இரண்டும் ஏறினால் அந்தப் பக்கம் போக வேண்டும். பாக்ஸ்-8 தைராய்டுக்கும் சிறுநீரகத்துக்கும் பொது என்பதால் தனியாக அதை மட்டும் பார்த்து 'தைராய்டு' என்று எழுதியிருந்தார்களா என்பதையும் உங்கள் முதல் ரிப்போர்ட்டில் சரிபாருங்கள். பயாப்ஸி விண்ணப்பத்தில் 'மார்புக் கட்டி' என்ற ஒற்றை வார்த்தை மட்டும் எழுதியிருந்தால் பெத்தாலஜிஸ்ட் இருட்டில்தான் தேடுவார். வயது, எந்தப் பக்கம், காம்பிலிருந்து எத்தனை செ.மீ., கடிகாரத்தில் எத்தனை மணித் திசை, ஸ்கேனில் அளவு, முன்பு நடந்த அறுவைகள், வேறு புற்று இருந்ததா என்று முழுசாக எழுதச் சொல்லுங்கள்.

புற்றே இல்லாமல் புற்று வேடம் போடுபவையும் உண்டு, சுருக்கமாகச் சொல்கிறேன். காசநோய் மார்பில் கட்டியாகி அக்குள் நெறியோடு வந்தால் படத்தில் புற்றேதான். கிரானுலோமா (அழற்சி செல்களின் சிறு திரள்) கண்டால் அந்தச் சதையிலேயே, காசநோய்க் கிருமியைத் தேடும் ஜீன் எக்ஸ்பர்ட் சோதனைக்குப் பார்மலின் போடாத ஒரு துண்டை சலைனில் அனுப்ப வேண்டும். எல்லாவற்றையும் பார்மலினில் போட்டுவிட்டால் கல்ச்சர் வளராது. கும்பகோணம், தஞ்சை வட்டாரம் ஒரு காலத்தில் யானைக்கால் நோய்க்குப் பேர்போனது. அதே புழு மார்பின் நிணநீர்க் குழாயில் தங்கிக் கட்டியாகும். உயிரோடு இருந்தால் அல்ட்ராசவுண்டில் நெளிவது தெரியும், செத்து சுண்ணாம்பானால் மேமோகிராமில் வளைந்த கோடாகத் தெரியும். கிரானுலர் செல் கட்டி என்று ஒன்று தோலை உள்ளிழுத்து, ஓரம் முள்முள்ளாக நின்று ஸ்கேன் பார்ப்பவரைப் பயமுறுத்தும். எஸ்-100 ஏறும், கெரட்டின் ஏறாது, அவ்வளவுதான்.

இனி எங்கே போவது. முதலில் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் புற்றுநோய்ப் பிரிவில் காட்டிப் பதிவு செய்யுங்கள். பின்னால் அறுவையோ கதிர்வீச்சோ எங்கு நடந்தாலும் தொடர் கவனிப்பு வீட்டுக்கு அருகில் இருப்பது நல்லது. பிளாக்கை மறுபடி பார்ப்பதற்கு, மார்பகக் கட்டிகள் அதிகம் வரும் இடமாக இருக்க வேண்டும். 1954இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, புதுச்சேரி ஜிப்மர், வேலூர் சி.எம்.சி. போன்றவை பொருத்தமானவை. பிளாக்கும் ஸ்லைடும் போனாலே போதும், சித்தியை முதல் நாளே அலைக்கழிக்க வேண்டியதில்லை. ஆனால் எல்லா ரிப்போர்ட்டின் நகலும், ஸ்கேன் படங்களும், தைராய்டு ஸ்கேன் உட்பட, கூடவே போக வேண்டும். இரண்டு ரிப்போர்ட்டையும் காட்டுங்கள். ஒன்றை மறைத்து 'புதிதாகப் பார்த்துச் சொல்லட்டும்' என்று சிலர் செய்வார்கள். அதனால் மூன்றாவது அபிப்பிராயம் கிடைக்குமே தவிர, முதல் இரண்டும் ஏன் தவறின என்பது தெரியாது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. முன் அனுமதிக்கு பயாப்ஸி ரிப்போர்ட்டைச் சேர்க்க வேண்டும், அதனால் தவறான பெயரோடு விண்ணப்பம் போய்விட்டால் பிறகு திருத்துவதில் அலைச்சல். அனுமதி கேட்பதையும் மறு ரிப்போர்ட் வரும் வரை நிறுத்தி வையுங்கள்.

மறு ரிப்போர்ட் உயர்செல் கட்டி என்று உறுதி செய்தால், முதல் வேலை அறுவை. 2 செ.மீ. அளவென்றால் மார்பை முழுதாக எடுக்காமல் கட்டியைச் சுற்றி நல்ல சதையோடு எடுக்க முடியுமா என்று சர்ஜன் பார்ப்பார், அக்குளில் முதல் நெறியை மட்டும் சோதிப்பார். இந்த வகை அக்குளுக்குப் போனதாக வந்த தகவல்கள் மிகச் சில, உடலின் மற்ற இடங்களுக்குப் போனவை அதைவிடக் குறைவு. டிரிப்பிள் நெகட்டிவ் என்பதற்காக மட்டும் பாக்லிடாக்சல், கார்போபிளாட்டின், ஆந்த்ராசைக்ளின் என்று அறுவைக்கு முன் முழுக் கீமோ கொடுப்பதற்கு இங்கே பலமான காரணம் இல்லை. ஆனால் கோர் துண்டு கட்டியின் ஒரு மூலை மட்டும். எடுத்த கட்டியை முழுதாக அறுத்துப் பார்க்கும்போது வேறு வகைப் புற்று அருகில் இருந்தால் திட்டம் மாறும், அதற்கு இடம் விட்டே பேச வேண்டும்.

ஐ.டி.எச்.-2 சோதனையில் மாற்றம் இல்லை என்று வந்தால் கலங்க வேண்டாம். ஒரு சிறு பங்கு கட்டிகளில் அது இருப்பதில்லை. உருவமும் மார்க்கர்களும் பொருந்தினால் பெயர் நிற்கும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: 'மாற்றம் இல்லை' என்பதும் 'சோதனை சரியாக ஓடவில்லை' என்பதும் ரிப்போர்ட்டில் வேறு வேறு வரிகள். இரண்டாவது வரி இருந்தால் மிச்சமிருக்கும் பிளாக்கிலிருந்தோ, அறுவையில் எடுக்கும் கட்டியிலிருந்தோ மறுபடி அனுப்பச் சொல்லுங்கள். அறுவைக்கு முந்தைய நாளே சர்ஜனிடம் அகலவாய் டப்பாவும் போதிய பார்மலினும் தியேட்டரில் தயாராக இருக்கட்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.